காலிபனின் ‘ஸ்கேமல்’: ஒரு சொல், மூன்று நூற்றாண்டு விளக்கங்கள்

‘ஸ்கேமல்’ என்ற ஆங்கிலச் சொல் ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில், இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் ஒரே ஒரு முறை வருகிறது. அவருடைய மற்ற நாடகங்களிலோ கவிதைகளிலோ அது இல்லை. அவருக்கு முந்தைய நூல்களிலிருந்து அகராதியாளர்கள் எடுத்துக்காட்டும் தரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதன் பொருள் உறுதிப்படவில்லை என்ற குறிப்போடுதான் இதைப் பதிவு செய்கிறது. பறவை, சிப்பி, மீன், மலையாடு, அச்சுப்பிழை என்று முந்நூறு ஆண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. அமெரிக்க அறிஞர் ஹொரஸ் ஹவர்ட் ஃபர்னெஸ் 1892இல் இந்த நாடகத்துக்குப் பாடபேதங்களையும் உரைகளையும் திரட்டிய பதிப்பை வெளியிட்டபோது, இந்த ஒரு சொல்லுக்கான விவாதமே நீண்ட குறிப்பாகிவிட்டது.

விடைகள் இத்தனை பெருகியதற்குக் காரணம் இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக்கிடப்பதுதான். ஷேக்ஸ்பியர் எழுதிய சொல் இதுதானா என்பது ஒன்று. இதுதான் என்றால், அது எந்த உயிரைக் குறித்தது என்பது மற்றொன்று. முதலாவது பாடம் பற்றியது, இரண்டாவது பொருள் பற்றியது. ஒன்றுக்கு உரிய சான்றை மற்றொன்றுக்கு விடையாகக் கொண்டதால் வந்த குழப்பம் இந்த விவாதம் நெடுகிலும் தெரிகிறது.

சொல் வரும் இடம்

மந்திரவாதி பிராஸ்பெரோவின் தீவில் அடிமையாக வாழும் காலிபன், கப்பல் சேதத்தில் கரையேறிய ஸ்டெஃபானோ என்ற பரிசாரகனைக் காண்கிறான். ஸ்டெஃபானோ கொடுத்த மதுவில் மயங்கி, அவனைத் தெய்வமென்று நம்பி, தீவின் வளங்களையெல்லாம் அவனுக்குக் காட்டித்தருவதாக வாக்களிக்கிறான். அந்த வாக்குறுதி ஓர் உணவுப் பட்டியலாக விரிகிறது. காட்டு ஆப்பிள் விளையும் இடத்துக்கு அழைத்துப்போவது, நீண்ட நகங்களால் நிலத்தடிக் கிழங்கைத் தோண்டித்தருவது, ஜே பறவையின் கூட்டைக் காட்டுவது, மார்மோசெட் குரங்கைக் கண்ணியில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் ஹேசல் கொட்டைகளிடம் கூட்டிச்செல்வது என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் சில வேளைகளில் பாறையிலிருந்து இளம் ஸ்கேமல்களைக் கொண்டுவந்து தருவதாகவும் சொல்கிறான்.

உரையாசிரியர்களின் கையில் உள்ள அகச்சான்று இவ்வளவுதான். ஆனாலும் இதில் மூன்று குறிப்புகள் உள்ளன. ஸ்கேமல் இளமையில் விரும்பப்படுவது. பாறையில் கிடைப்பது. எப்போதும் கிடைக்காமல் சில வேளைகளில் மட்டும் கிடைப்பது. இந்த மூன்றாவது குறிப்பைப் பலர் பொருட்படுத்தவில்லை. பருவகாலத்தில் மட்டும் கிடைக்கும் ஒன்றையோ, எடுப்பதற்கு அரிய ஒன்றையோ அது சுட்டக்கூடும்.

பட்டியலின் இயல்பும் கவனிக்க வேண்டியது. ஆப்பிள், கிழங்கு, ஜே, ஹேசல் ஆகிய நான்கும் இங்கிலாந்தின் காடுகளில் சாதாரணமாகக் காணப்படுபவை. மார்மோசெட் மட்டும் தொலைநாட்டு உயிர், அட்லாண்டிக்கைக் கடந்த பயணிகள் மூலம் ஐரோப்பாவில் அறிமுகமானது. கதைப்படி தீவு இருப்பதோ மத்தியதரைக் கடலில், தூனிஸிலிருந்து நேப்பிள்ஸ் திரும்பும் வழியில். மூன்று நிலப்பரப்புகள் இப்படிக் கலந்திருப்பதால், ஸ்கேமல் எந்த நாட்டு உயிர் என்பதைப் பட்டியலை வைத்துத் தீர்மானிக்க இயலாது.

1623 பதிப்பு என்ற ஒற்றைச் சான்று

‘தி டெம்பெஸ்ட்’ 1610–11 காலத்தில் எழுதப்பட்டு, 1611 நவம்பர் 1 அன்று அரசவையில் நடிக்கப்பட்டது. ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்தபோது அச்சாகவில்லை. அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1623இல், சக நடிகர்கள் ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டெலும் தொகுத்த பெரும் தொகுப்பில் முதல் நாடகமாக இடம்பெற்றது. இந்த நாடகத்தின் கையெழுத்துப் படி எதுவும் எஞ்சவில்லை. ஆகவே இந்தச் சொல்லுக்கு அந்த ஒரே அச்சுதான் ஆதாரம். 1632, 1663, 1685 ஆகிய ஆண்டுகளின் மறுபதிப்புகள் அதே சொல்லைத் திரும்ப அச்சிட்டன. அவை முதல் அச்சைப் பார்த்துக் கோத்தவையாதலால் தனிச் சான்றுகளாகா.

அச்சகத்துக்குப் போன படியை ரால்ஃப் கிரேன் என்ற தொழில்முறை எழுத்தர் படியெடுத்திருக்கலாம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அங்க, காட்சிப் பிரிவுகளின் ஒழுங்கும் விரிவான மேடைக்குறிப்புகளும் நிறுத்தக்குறிகளும் அவருடைய பிற படிகளோடு ஒத்துப்போகின்றன. கிரேன் தெளிவாக எழுதுபவர். அவர் எழுதியதை அச்சுக்கோப்பவர் தவறாகப் படித்தார் என்று சொல்ல இது தடையாக நிற்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியர் எழுதியதைக் கிரேனே தவறாகப் படித்திருக்கலாம். அப்படியானால் அவருடைய தெளிவான கையெழுத்து ஒரு பிழையைத் தெளிவாகவே கடத்தியிருக்கும்.

இந்தத் தொகுப்பில் பொருள் விளங்காத சொற்கள் வேறும் உண்டு. ‘டைமன் ஆஃப் ஏதென்ஸ்’ நாடகத்தில் ஆட்பெயர்களின் வரிசையில் ‘உல்லோர்க்ஸா’ என்ற எழுத்துக்கூட்டம் வருகிறது. எந்த மொழியிலும் இல்லாத அதை அச்சுப்பிழை என்றே கொள்கிறார்கள். ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில் ‘பிரென்ஸி’ என்பது சில வரிகளுக்குள் இருமுறை வருகிறது. தற்செயல் பிழை இருமுறை நேருமா என்ற ஐயம் எழுந்தும், பொருள் இன்னும் தீரவில்லை. எளிதில் விளங்காத பாடமே மூலப்பாடமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மூலபாட ஆய்வின் பழைய விதி. படியெடுப்பவர்கள் அரிய சொல்லை எளிதாக்குவார்களே தவிர எளியதை அரிதாக்க மாட்டார்கள் என்பது அதன் அடிப்படை. ஆனால் ‘உல்லோர்க்ஸா’ போன்றவை அந்த விதியின் எல்லையைக் காட்டுகின்றன: அறியாமல் நேரும் பிழையும் அரிய சொல் போலத் தோற்றம் தரும்.

திருத்தம் வேண்டும் என்போர்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கலஸ் ரோவும் (1709) அலெக்சாண்டர் போப்பும் (1725) சொல்லை அப்படியே விட்டுவைத்தார்கள். அதைச் சிக்கலாகக் கண்டு கையிலெடுத்தவர் லூயிஸ் தியபால்ட். 1733இல் வெளியான தம் பதிப்பில் அவர் ‘ஷாமுவா’ என்ற மலையாட்டின் பெயரை மூலத்தில் வைத்து, குறிப்பில் வேறு இரண்டு சாத்தியங்களையும் தந்தார்: ‘ஸீ-மால்’ என்ற கடற்காகம், ‘ஸ்டானல்’ என்ற சிவப்பு வல்லூறு. பின்னால் வந்த விவாதத்தின் பெரும்பகுதி அவர் அன்று இட்ட எல்லைக்குள்ளேயே நடந்திருக்கிறது.

மூன்றில் நலிந்தது மலையாடுதான். அவர் மூலத்தில் ஏற்றியதும் அதையே. பாறை என்ற சொல் அதற்குப் பொருந்துகிறது. எழுத்து வடிவமோ வெகுதூரம் விலகி நிற்கிறது, உயரமான மலைத்தொடர்களில் வாழும் அந்த விலங்கைத் தீவில் எதிர்பார்க்கவும் முடியாது. பின்வந்த பதிப்பாசிரியர்கள் அதைக் கைவிட்டார்கள்.

வல்லூறு பாறை முகடுகளில் முட்டையிடும். எனவே இளம் குஞ்சு, பாறை ஆகிய இரு குறிப்புகளும் பொருந்துகின்றன. ஆனால் அதை எவரும் உணவாகக் கொண்டதில்லை, பட்டியலோ உண்பவற்றைப் பற்றியது. இன்னொரு குறையும் உண்டு. ஷேக்ஸ்பியர் அந்தப் பறவையின் பெயரை வேறெங்கேனும் எழுதினாரா என்று தேடினால், ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகம் கைகாட்டப்படுகிறது. அங்கும் 1623 பதிப்பில் இருப்பது ஆண்குதிரையைக் குறிக்கும் சொல். வல்லூறு என்பது 1744இல் தாமஸ் ஹான்மர் செய்த திருத்தம். அந்தத் திருத்தம் நல்லதுதான், பரவலாக ஏற்கப்பட்டதும்கூட. ஆயினும் ஒரு திருத்தத்துக்கு மற்றொரு திருத்தத்தைச் சாட்சியாக நிறுத்துவது உறுதியான அடித்தளமாகாது.

கடற்காகம் என்ற மூன்றாவது கருத்து வலுவானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிப்பாசிரியர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். கடற்காகத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழைய பெயர்களுள் ‘ஸீ-மெல்’ போன்ற வடிவம் ஒன்று. அதற்கும் அச்சில் உள்ள சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபடுகிறது: ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாம் எழுத்து நிற்கிறது. இரண்டும் வட்டவடிவமானவை. கையெழுத்தில் குறுக்குக்கோடு மங்கினாலோ, ஈய எழுத்தில் அது தேய்ந்தாலோ ஒன்று மற்றொன்றாகத் தெரியும். பொருளும் இசைகிறது. கடற்காகம் பாறையில் கூடுகட்டும், குஞ்சுகள் குறிப்பிட்ட பருவத்தில்தான் கிடைக்கும். சில வகைக் கடற்காகக் குஞ்சுகளைக் கொழுக்க வளர்த்து விருந்தில் பரிமாறுவதும் அக்கால இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது.

இதற்குப் பயண இலக்கியத்திலிருந்தும் ஆதரவு காட்டுவார்கள். 1609இல் வர்ஜீனியாவுக்குச் சென்ற ‘ஸீ வென்ச்சர்’ கப்பல் பெர்முடா தீவுகளில் மோதிச் சிதைந்தது. அந்த நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் உள்ள தொடர்பை எட்மண்ட் மலோன் 1808இல் விரிவாக எடுத்துரைத்தார். உயிர்தப்பியவர்களுள் ஒருவரான வில்லியம் ஸ்ட்ரேச்சி 1610 ஜூலையில் நாளிட்ட நீண்ட மடலில், பெர்முடாவில் பசித்த மாலுமிகள் பிடித்துத் தின்ற ஒரு கடற்பறவையை வருணித்து, அளவில் அதைக் கடற்காகத்தோடு ஒப்பிடுகிறார். கடலோரப் பாறைகளில் நின்று கூச்சலிட்டுச் சிரித்தால் பறவைகள் தாமே வந்து மேலே அமரும் என்றும் சொல்கிறார். அது இன்று ‘கஹோ’ எனப்படும் பெர்முடா கடற்பறவை என்பது பொதுக்கருத்து.

பாறை, கடற்பறவை, உணவு மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஸ்ட்ரேச்சி பயன்படுத்திய கடற்காகப் பெயர் ‘ல்’ ஒலியில் முடிவதன்று, ‘ஸீ-மியூ’ வகை வடிவம். அவருடைய மடல் அச்சானது 1625இல்தான். ஷேக்ஸ்பியர் அதைக் கையெழுத்துப் படியாகப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான அறிஞர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள், இந்த நூற்றாண்டில் அதை மறுத்தவர்களும் உண்டு. ஆக, மடல் கடற்காகக் கருத்துக்கு ஒரு பின்புலத்தைத் தருகிறது. பாடத்தைத் திருத்த அது போதாது.

தேய்ந்த எழுத்து என்ற வாதத்தைக் கையாளும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதற்கு இதே நாடகத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நான்காம் அங்கத்தில் ஃபெர்டினண்ட் என்ற பாத்திரம் பேசும் ஓரிடத்தில் இருப்பது ‘மனைவி’யா ‘அறிவுள்ள’ என்பதா என்ற விவாதம் நெடுங்காலமாக உண்டு. பழைய அச்சின் நெடிய ‘ஸ’ எழுத்துக்கும் ‘ஃப’ எழுத்துக்கும் ஒரு சிறு குறுக்குக்கோடுதான் வேற்றுமை. 1978இல் ஜீன் அடிசன் ராபர்ட்ஸ், அச்சிடும்போதே அந்தக் குறுக்குக்கோடு உடைந்துபோனதைப் பிரதிகளில் கண்டதாக எழுதினார். பல பதிப்புகள் அதை ஏற்று ‘மனைவி’ என்று மாற்றின. 1996இல் பீட்டர் பிளேனி, உடைந்த கோடு போலத் தெரிந்தது மைக்கறை முதலியவற்றால் வந்த தோற்றமே என்று வாதிட்டார். பிரதிகள் ஏராளமாகக் கைவசம் இருந்த ஓர் எழுத்தின் நிலையே இது. ஸ்கேமல் விஷயத்தில் அப்படி ஒரு பௌதிகச் சான்று முன்வைக்கப்பட்டதே இல்லை. எழுத்து மயக்கம் அங்கே ஒரு சாத்தியம் மட்டுமே.

நார்ஃபோக் கடற்கரையின் சான்று

விவாதத்தின் போக்கை மாற்றியது ஒரு பறவை நூல். ஹென்றி ஸ்டீவன்சன் 1866 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் நார்ஃபோக்’ நூலில், கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள பிளேக்னி கடற்கரையில் துப்பாக்கியோடு பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு பறவையின் பெட்டையை ‘ஸ்கேமல்’ என்று அழைப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அது பட்டைவால் மூக்கன். நீண்ட அலகோடு சேற்று நிலங்களில் இரைதேடும் கரைப்பறவை, குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் வருவது. இதன் பெட்டை ஆணைவிடப் பெரியது, அலகும் நீண்டது. வேட்டைக்காரர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்திருந்ததில் வியப்பில்லை.

இந்தப் பதிவின் மதிப்பு பெரியது. அச்சில் உள்ளதைத் திருத்தாமலே, அப்படி ஒரு சொல் ஆங்கிலப் பேச்சுவழக்கில் இருந்தது என்று அது காட்டியது. உணவு என்ற வகையிலும் பொருத்தம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நார்விச்சில் வாழ்ந்த மருத்துவர் சர் தாமஸ் பிரவுன், நார்ஃபோக் பறவைகள் பற்றிய தம் குறிப்புகளில், மூக்கன் பறவை இங்கிலாந்தின் மிகச் சுவையான உணவு என்று மதிக்கப்படுவதாகவும் விலை அதிகமென்றும் எழுதியிருக்கிறார். பென் ஜான்சனும் விருந்துணவுகளுள் அதைச் சேர்க்கிறார்.

தடைகளும் சிறியவையல்ல. நாடகத்துக்கும் பதிவுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வட்டாரப் பெயர் ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துவிடலாம். ‘ஸீ-மெல்’ போன்ற சொல்லே பேச்சில் திரிந்து ஸ்கேமல் ஆகியிருக்கலாம் என்ற ஐயத்தையும் எளிதில் ஒதுக்க முடியாது. பறவையின் வாழ்க்கையும் பொருந்தவில்லை. பட்டைவால் மூக்கன் இங்கிலாந்தில் குஞ்சு பொரிப்பதில்லை. வடக்கு ஸ்காண்டிநேவியா, சைபீரியா போன்ற ஆர்க்டிக் பகுதிகளின் மரமற்ற சமவெளியில், தரையில் கூடுவைக்கும். பாறையிலிருந்து அதன் குஞ்சை எவரும் எடுத்திருக்க முடியாது. நாடகாசிரியர் பறவை நூல் எழுதவில்லை, அவர் இத்தனை நுட்பம் பார்த்திருக்க வேண்டியதில்லை என்று பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பாறை, இளமை ஆகிய குறிப்புகளை வைத்து மற்றக் கருத்துகளை நிராகரிக்கவும் உரிமை இல்லாமல் போகிறது.

நார்ஃபோக் பதிவு முதல் கேள்விக்கே நல்ல சான்று: இந்த எழுத்துவடிவம் உண்மையான ஆங்கிலச் சொல்லாக இருக்கக்கூடும் என்று அது நிறுவுகிறது. காலிபன் குறித்த பறவை எது என்பதற்கு அது விடை தரவில்லை. பல உரைகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘ஸ்கேமல் என்றால் மூக்கன்’ என்று எழுதிச் சென்றது விவாதத்துக்கு நேர்ந்த இழப்பு.

சிப்பியும் மீனும்

பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு சிப்பி வகை என்பது மற்றொரு கருத்து. பாறையிலிருந்து எடுத்துத்தருவது என்ற வினைக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. பிராஸ்பெரோவின் மிரட்டலில் நன்னீர்ச் சிப்பியும் உணவாக வருவதால், நாடகத்தின் சூழலுக்கும் அன்னியமானதன்று. ஆனால் சிப்பியை யாரும் ‘இளம்’ என்று அடைகொடுத்து அழைப்பதில்லை, சில வேளைகளில் மட்டும் கிடைக்கும் அரிய பொருளாகவும் அது இல்லை. இந்தப் பெயர் சிப்பிக்கு வழங்கியது என்பதற்கு வலுவான பழஞ்சான்றும் இல்லை.

மீன் என்போர் பிரெஞ்சு, இலத்தீன் மொழிகளில் செதிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து தொடங்குகிறார்கள். மெகல்லனின் உலகப் பயணத்தில் உடன்சென்ற அந்தோனியோ பிகஃபெட்டாவின் குறிப்பு பிரெஞ்சிலும் வழங்கியது. காலிபனின் தாய் வணங்கிய ‘செட்டபோஸ்’ தெய்வத்தின் பெயர் பட்டகோனியர் பற்றிய அந்தக் குறிப்பிலிருந்து, 1555இல் ரிச்சர்ட் ஈடன் செய்த ஆங்கிலமாக்கம் வழியே ஷேக்ஸ்பியருக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தெய்வத்தின் பெயர் வந்த வழியில் ஸ்கேமலும் வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அந்தத் தெய்வப் பெயர் ஈடனின் ஆங்கிலத்தில் கண்ணெதிரே இருக்கிறது. ஸ்கேமலுக்கு அப்படி ஒரு பாலம் காட்டப்படவில்லை.

விளங்காமையே பொருள் என்போர்

1976இல் ஸ்டீவன் கிரீன்பிளாட் ஐரோப்பியக் காலனியமும் மொழியும் பற்றி எழுதிய கட்டுரையொன்றில் கேள்வியையே வேறு பக்கம் திருப்பினார். காலிபனின் உலகம் ஐரோப்பியருக்கு முழுதும் ஊடுருவ முடியாத திண்மை கொண்டது. ஸ்கேமல் என்றால் என்னவென்று இன்றுவரை நமக்குத் தெரியாதிருப்பது அதற்கு மிகப் பொருத்தமான அடையாளம் என்பது அவர் கருத்தின் சாரம். தன் நிலத்தை வேரும் கூடும் பாறையுமாக அறிந்தவன் காலிபன். அந்த அறிவு பிராஸ்பெரோவின் நூல்களில் இல்லை. பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தது இந்த வாசிப்பின் பெரும் பங்களிப்பு. அதற்குப் பின் வந்த காலனிய எதிர்ப்பு வாசிப்புகளில் இந்தச் சொல்லுக்குக் கிடைத்த கவனமும் இதனால் விளைந்ததே.

ஆனாலும் இது சொல்லின் வரலாற்றுக்கு விடையாகாது. இன்று நமக்கு விளங்கவில்லை என்பதிலிருந்து 1611இன் பார்வையாளருக்கும் விளங்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. இலண்டன் அரங்கில் அமர்ந்திருந்த கிழக்குக் கரையோர ஆங்கிலேயர் ஒருவருக்கு அது அன்றாடச் சொல்லாகவே இருந்திருக்கலாம். நாடகத்துக்குள்ளும் ஒரு தடை உண்டு. காலிபனுக்கு மொழியைக் கற்பித்தவர்கள் பிராஸ்பெரோவும் அவர் மகள் மிராண்டாவும் என்று நாடகம் திரும்பத்திரும்பச் சொல்கிறது. பட்டியலின் மற்ற சொற்களெல்லாம் கற்றுக்கொண்ட மொழியின் சொற்கள். கடைசிச் சொல் மட்டும் அவனுக்கே உரியது என்று கொள்ள, தாய் சைகோரக்ஸிடமிருந்து ஏதோ ஒரு மொழி அவனுக்கு வந்ததாகக் கருத வேண்டும். அது சுவையான ஊகம்தான். நாடகம் அதற்குக் கைகொடுக்கவில்லை.

எஞ்சி நிற்பவை

இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் 1623இன் சொல்லை அப்படியே வைத்து, அடிக்குறிப்பில் பறவை, சிப்பி ஆகிய சாத்தியங்களைச் சுட்டுகின்றன. சான்றுகளின் நிறையைப் பார்த்தால் அது ஏற்கத்தக்க நிலை. நார்ஃபோக் பதிவு இருக்கும்வரை சொல்லைப் பிழையென்று நீக்குவதற்குப் போதிய காரணம் இல்லை. பொருளைப் பொறுத்தவரை, மூன்று அகக்குறிப்புகளும் ஒருசேரப் பொருந்துவது பாறையில் கூடுவைக்கும் கடற்பறவைக்கே. ஆகவே பறவை என்ற பொதுவிடை மற்றவற்றை முந்துகிறது. எந்தப் பறவை என்று அதற்குமேல் குறுக்க இப்போதுள்ள சான்று இடம் தரவில்லை.

இரண்டு ஐயங்கள் திறந்தே இருக்கின்றன. கடற்காகப் பெயரும் நார்ஃபோக் பெயரும் ஒரே சொல்லின் இரு வடிவங்களா என்பது முதலாவது. ஆம் என்று நிறுவப்பட்டால், திருத்தம் வேண்டும் என்போருக்கும் வேண்டாம் என்போருக்கும் இடையிலான வழக்கே கரைந்துபோகும். பிளேக்னி வேட்டைக்காரர்களின் சொல்லுக்கு 17ஆம் நூற்றாண்டு வரை செல்லும் வேர் உண்டா என்பது இரண்டாவது. 1700க்கு முன் அச்சான ஆங்கில நூல்களில் பல்லாயிரம் இன்று தட்டச்சு வடிவில் தேடக்கூடியவையாக உள்ளன. ஆனால் இத்தகைய வட்டாரப் பெயர்கள் அச்சுநூல்களில் ஏறுவது அரிது. செல்வர் வீடுகளின் அடுக்களைக் கணக்குகள், சந்தையில் பறவை விற்றவர்களின் விலைப்பட்டியல்கள், கிழக்குக் கரையோர ஊர்களின் சொத்து விவரப் பட்டியல்கள் போன்ற கையெழுத்து ஆவணங்களில் அவை தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவற்றுள் பெரும்பகுதி இன்னும் அச்சேறவில்லை. 1623க்கு முற்பட்ட அத்தகைய ஆவணம் ஒன்றில் இந்தச் சொல் விலையோடோ எண்ணிக்கையோடோ கிடைத்தால், பாடம் பற்றிய கேள்வி உடனே தீரும். பொருள் பற்றியது, உடன் எழுதப்பட்டிருக்கும் மற்றப் பெயர்களைப் பொறுத்து அமையும்.